போர்டில் 'குழந்தைகள் நல மருத்துவர்'... உண்மையா என்று பார்ப்பது எப்படி? காப்பீட்டு கார்டு எங்கே செல்லும்? தேனி, கம்பம் பள்ளத்தாக்கு பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை

இரவு ஒன்பதரை மணி. காமயகவுண்டன்பட்டியிலோ சுருளிப்பட்டியிலோ ஒரு வீடு. இரண்டு வயதுக் குழந்தைக்கு காலையில் இருந்தே விட்டு விட்டு காய்ச்சல். "கம்பத்துல ஒரு டாக்டரு இருக்காரு, கைராசிக்காரரு" என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. "அவரு ஞாயித்துக்கிழமை பார்க்க மாட்டாரு, பேசாம தேனிக்கே போயிருங்க" என்கிறார் சித்தப்பா. முதலமைச்சர் காப்பீட்டு கார்டு பீரோவில் பத்திரமாக இருக்கிறது. அது எந்த ஆஸ்பத்திரியில் செல்லும் என்று மட்டும் வீட்டில் யாருக்கும் தெரியாது.

சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று நீளும் பள்ளத்தாக்கில் இது பல வீடுகளுக்குப் பழகிய காட்சி. இங்கே குழந்தை டாக்டர் என்றாலே வாய்வழிப் பரிந்துரைதான். அதில் தப்பில்லை. ஆனால் அக்கம்பக்கத்தில் சொல்லக் கூடியது 'நல்லா பார்க்கிறார்' என்பது மட்டும்தான். அவர் என்ன படித்திருக்கிறார், அந்த ஆஸ்பத்திரியில் இரவில் யார் இருப்பார்கள், கார்டு செல்லுமா என்பதெல்லாம் அதில் வராது.

இங்கே பலரும் குழப்பிக்கொள்ளும் விஷயம் ஒன்று இருக்கிறது. டாக்டரின் தகுதி வேறு, ஆஸ்பத்திரியின் அனுமதி வேறு, காப்பீடு வேறு. மூன்றையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும். நல்ல டாக்டரின் கிளினிக்கில் கார்டு செல்லாமல் போகலாம். கார்டு செல்லும் பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தை டாக்டரே இல்லாமலும் இருக்கலாம். குழந்தை நன்றாக விளையாடிக்கொண்டிருக்கும் ஒரு மத்தியான வேளையில், ஒரு செல்போனை வைத்துக்கொண்டே இதையெல்லாம் பார்த்துவிட முடியும்.

எதையும் சரிபார்க்காமல் கிளம்ப வேண்டிய நேரம் எது?

இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல், வலிப்பு, மூச்சு வாங்கும்போது நெஞ்சுக்கூடு உள்ளே இழுப்பது, உதடு நீலம் பாய்வது, பால் குடிக்க முடியாமல் துவண்டு கிடப்பது, எழுப்பினாலும் சரியாக முழிக்காமல் இருப்பது, பல மணி நேரமாக சிறுநீரே போகாமல் இருப்பது... இதில் ஒன்று இருந்தாலும் டிகிரியும் பார்க்க வேண்டாம், கார்டும் தேட வேண்டாம். 108-ஐ அழைத்துவிட்டு, ஆம்புலன்ஸ் வருவதற்குள் ஒரு பையில் துணியையும் கார்டையும் எடுத்து வைத்தால் போதும்.

பள்ளத்தாக்கில் தூரமும் ஒரு பிரச்னை. கம்பத்தில் இருந்து தேனி ஏறக்குறைய 40 கிலோமீட்டர். தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பெயரில்தான் தேனி. இருப்பது தேனியையும் தாண்டி, ஆண்டிபட்டி போகும் வழியில் க.விலக்கில். மாவட்டத் தலைமை மருத்துவமனையோ பெரியகுளத்தில். கூடலூரில் இருந்தோ ஹைவேவிஸ் எஸ்டேட்டில் இருந்தோ கிளம்புகிறவர்களுக்கு இது சின்னப் பயணம் இல்லை. அதனால் மூச்சுத்திணறல், வலிப்பு மாதிரியான நேரத்தில் பக்கத்தில் உள்ள அரசு மருத்துவமனையில் முதலுதவி பார்த்து, அங்கிருந்து மேலே அனுப்பச் சொல்வதுதான் பாதுகாப்பு. சொந்தக் காரில் நேரே மதுரைக்குப் பறப்பதில் பொன்னான நேரம் ரோட்டிலேயே போய்விடும்.

சரி, அவசரம் இல்லாத நாளில் யாரைக் கேட்பது?

கிராம சுகாதார செவிலியரிடம் கேட்கலாம். ஊரில் 'நர்ஸம்மா' என்றால் அவர்தான். கர்ப்பம் பதிந்து பிக்மி எண் வாங்கியதில் இருந்து புதன்கிழமை தடுப்பூசி வரை குழந்தையின் கணக்கு முழுக்க அவர் கையில் இருக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்து குழந்தைகளை எந்த மருத்துவமனைக்கு மேல்சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள், அங்கே குழந்தை டாக்டர் எந்த நாட்களில் இருப்பார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. பிரசவம் பார்த்த மகப்பேறு மருத்துவரையும் கேட்கலாம். பிறந்த குழந்தையைப் பார்க்க அவர் யாரை அழைக்கிறாரோ, அந்தப் பெயருக்கு ஒரு மதிப்பு உண்டு.

இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. தமிழ்நாட்டில் அரசு டாக்டர்கள் பணி நேரம் முடிந்த பிறகு தனியாக கிளினிக் வைத்துப் பார்க்கலாம். அதனால் சாயங்காலம் டோக்கன் போட்டு, ஃபீஸ் கட்டி, இரண்டு மணி நேரம் காத்திருந்து பார்க்கிற டாக்டரே காலையில் அரசு மருத்துவமனை ஓ.பி.யில் உட்கார்ந்திருக்கலாம். அங்கே பார்த்தால் ஃபீஸ் கிடையாது. 'நீங்க காலையில எங்க சார் பார்க்கிறீங்க?' என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

எல்லாவற்றுக்கும் ஸ்பெஷலிஸ்ட் தேவை என்றும் இல்லை. சாதாரண சளி, லேசான வயிற்றுப்போக்கு, சின்னக் காயம் இதற்கெல்லாம் எம்.பி.பி.எஸ். டாக்டரே போதும். எப்போது குழந்தை டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்று தெரிந்து சரியான நேரத்தில் அனுப்புகிற எம்.பி.பி.எஸ். டாக்டர் பக்கத்திலேயே கிடைத்தால் அது பெரிய கொடுப்பினை.

போர்டில் உள்ள எழுத்துகளுக்கு என்ன அர்த்தம்?

அலோபதியில் எம்.பி.பி.எஸ். முடித்த பிறகு மூன்று ஆண்டுகள் படிப்பது எம்.டி. பீடியாட்ரிக்ஸ். தேசிய தேர்வு வாரியம் நடத்தும் டி.என்.பி. பீடியாட்ரிக்ஸும் அதே தரம்தான். டி.சி.ஹெச். என்பது குழந்தைகள் நலத்தில் இரண்டு ஆண்டு டிப்ளமோ. அனுபவமுள்ள மூத்த குழந்தை டாக்டர்கள் பலரிடம் இருப்பது இந்த டி.சி.ஹெச்.தான். 'எம்.டி. இல்லையே' என்று அவர்களைக் குறைத்து எடைபோட வேண்டாம். இதற்கும் மேலே டி.எம். நியோநேட்டாலஜி என்று இருந்தால், அவர் பச்சிளங்குழந்தைகளுக்கான உயர் சிறப்பு மருத்துவர். குறைப்பிரசவம், பிறந்தவுடன் மூச்சுத்திணறல் போன்றவற்றுக்கு இவர்கள்.

சில எழுத்துகள் டிகிரி மாதிரி இருக்கும், ஆனால் டிகிரி இல்லை. எம்.ஐ.ஏ.பி., எஃப்.ஐ.ஏ.பி. என்பவை 1963-ல் தொடங்கப்பட்ட இந்திய குழந்தைகள் நல மருத்துவர் சங்கத்தின் உறுப்பினர், அந்தச் சங்கம் தரும் கௌரவம் என்பதைக் காட்டுபவை. நல்ல அடையாளம்தான். ஆனால் படிப்புக்கு அது பதில் ஆகாது. 'குழந்தை நோய்களில் சிறப்புப் பயிற்சி பெற்றவர்' என்று மட்டும் எழுதியிருந்தால், எங்கே, எத்தனை காலம், என்ன சான்றிதழ் என்று கேட்டே ஆக வேண்டும். சிறப்புத் தகுதி இல்லாமல் தன்னை ஸ்பெஷலிஸ்ட் என்று சொல்லிக்கொள்வது மருத்துவர் நடத்தை விதிகளின்படியே தவறு.

அதிகம் குழம்பும் இடம் இதுதான்: 'எம்.டி. குழந்தை மருத்துவம்' என்று ஒரு போர்டில் இருந்தால் அவர் அலோபதி குழந்தை டாக்டர் என்று நினைத்துவிடக் கூடாது. சித்த மருத்துவத்தில் 'குழந்தை மருத்துவம்' என்றே ஒரு பட்ட மேற்படிப்பு உண்டு. ஆயுர்வேதத்திலும் 'கௌமார பிருத்யம்' என்ற பெயரில் குழந்தைகளுக்கான மேற்படிப்பு இருக்கிறது. ஹோமியோபதியிலும் குழந்தைகளுக்கு எம்.டி. உண்டு. இவை போலி இல்லை, அந்தந்த முறையில் முறையாகப் படித்து வாங்கும் பட்டங்கள். ஆனால் நீங்கள் தேடுவது எந்த முறை மருத்துவரை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அடிப்படைப் பட்டத்தைப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். எம்.பி.பி.எஸ். என்றால் அலோபதி, பி.எஸ்.எம்.எஸ். என்றால் சித்தா, பி.ஏ.எம்.எஸ். என்றால் ஆயுர்வேதம், பி.ஹெச்.எம்.எஸ். என்றால் ஹோமியோபதி. ஒவ்வொன்றுக்கும் பதிவு செய்யும் அமைப்பும் வேறு.

பதிவு எண்ணை வைத்து எப்படிச் சரிபார்ப்பது?

அலோபதி டாக்டர் என்றால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்த எண்ணை கிளினிக்கில் எழுதி வைக்க வேண்டும், மருந்துச்சீட்டிலும் ரசீதிலும் சான்றிதழிலும் போட வேண்டும் என்று 2002-ம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகள் சொல்கின்றன. 2023-ல் புதிய விதிகள் வந்தன, அதே ஆகஸ்டில் நிறுத்தி வைக்கப்பட்டன. அதனால் 2002 விதிகள்தான் நடைமுறையில் உள்ளன. ஆக, பதிவு எண்ணைக் கேட்பது டாக்டரைச் சந்தேகப்படுவது ஆகாது. அவர் ஏற்கெனவே காட்டியிருக்க வேண்டிய எண் அது. வீட்டில் பழைய மருந்துச்சீட்டு இருந்தால் எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் பெயருக்குக் கீழேயே பொடி எழுத்தில் இருக்கும்.

அந்த எண்ணை எடுத்துக்கொண்டு தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையதளத்துக்குப் போனால், அங்கே இந்திய மருத்துவப் பதிவேடு இருக்கிறது. பழைய இந்திய மருத்துவக் கவுன்சிலுக்குப் பதிலாக 2020 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த அமைப்பு இது. தேடும் பக்கத்தில் பெயர், பதிவு எண், மாநில கவுன்சில், பதிவு செய்த ஆண்டு என்று கேட்கும். எண்ணைப் போட்டு, மாநில கவுன்சிலில் தமிழ்நாட்டைத் தேர்வு செய்தால் டாக்டரின் பெயர், படித்த பட்டம், பல்கலைக்கழகம், பதிவான தேதி எல்லாம் வரும். கட்டணம் கிடையாது, லாகின் எதுவும் வேண்டாம். மாநிலத்தைத் தேர்வு செய்ய மறக்கக் கூடாது. ஒரே எண் வேறு மாநிலத்தில் வேறு டாக்டருக்கு இருக்கும்.

பெயரை வைத்துத் தேடினால் நம் ஊரில் சிக்கல் அதிகம். செந்தில்குமார் ஒரு வார்த்தையா இரண்டு வார்த்தையா, இனிஷியல் முன்னாலா பின்னாலா, ஆங்கிலத்தில் ஒரு எழுத்தா இரண்டு எழுத்தா... பதிவேட்டுக்கு இதெல்லாம் வேறு வேறு ஆட்கள். பெண் டாக்டர்கள் அப்பாவின் இனிஷியலோடு பதிவு செய்திருப்பார்கள், போர்டில் கணவர் இனிஷியல் இருக்கும். ஆகவே பெயர் வரவில்லை என்றவுடன் 'போலி டாக்டர்' என்று வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடக் கூடாது. எண்ணை வைத்துத் தேடுவதுதான் முறை.

இன்னொரு எச்சரிக்கை. பதிவேட்டில் எம்.பி.பி.எஸ். மட்டும் வந்து, எம்.டி.யோ டி.சி.ஹெச்.சோ வரவில்லை என்றால்? மேற்படிப்பைக் கூடுதல் தகுதியாகத் தனியே பதிவு செய்ய வேண்டும். அது மத்தியப் பதிவேட்டுக்கு வந்து சேராமல் இருப்பது உண்டு. அந்த நேரத்தில் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் தளத்திலும் பார்க்கலாம், டாக்டரிடமே நேராகக் கேட்கலாம். முறையாகப் படித்தவர் இதற்குக் கோபப்பட மாட்டார். எண்ணே இல்லை, கேட்டால் எரிச்சல், மருந்துச்சீட்டுக்குப் பதிலாகத் துண்டுக் காகிதம், கையோடு பாட்டிலில் ஊற்றித் தரும் பெயரில்லாத மருந்து... இவை ஒன்றாகச் சேர்ந்து வந்தால்தான் உஷாராக வேண்டும்.

குமுளி பக்கம் போகிறவர்களுக்கு என்ன?

கம்பம், கூடலூர், போடி பகுதிகளில் இருந்து ஏலத்தோட்ட வேலைக்கு தினமும் ஜீப்பில் மலையேறுகிறவர்கள் உண்டு. சிலர் குடும்பத்தோடு இடுக்கி பக்கமே தங்கிவிடுகிறார்கள். குழந்தைக்கு முடியாமல் போனால் குமுளியோ கட்டப்பனையோதான் அவர்களுக்குப் பக்கம். அங்கே இருக்கும் டாக்டரைத் தமிழ்நாடு கவுன்சிலில் தேடினால் வராது. கேரளத்தின் பதிவு தனி. அந்தக் கவுன்சிலுக்கு நெடுங்காலம் திருவிதாங்கூர் - கொச்சி மருத்துவக் கவுன்சில் என்று பெயர். மத்தியப் பதிவேட்டில் கேரளம் என்று தேடிக் கிடைக்காவிட்டால் இந்தப் பழைய பெயரில் பாருங்கள்.

காப்பீட்டிலும் எல்லை தாண்டினால் கதை மாறும். தமிழ்நாட்டு கார்டு அங்குள்ள ஆஸ்பத்திரியில் தானாகச் செல்லும் என்று நம்பிப் போகக் கூடாது. போவதற்கு முன்பே திட்டத்தின் இலவச எண்ணில் கேட்டுக்கொள்வது நல்லது.

டாக்டர் சரி, ஆஸ்பத்திரிக்கு அனுமதி இருக்கா?

தமிழ்நாட்டில் 1997-ம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. அதற்கான விதிகள் வந்தது என்னவோ 2018-ல்தான். சட்டத்துக்கும் விதிகளுக்கும் நடுவே 21 ஆண்டுகள்! கிளினிக்கோ நர்சிங் ஹோமோ லேப்போ, எதுவானாலும் மாவட்டத்தில் உள்ள மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகம் வழியாகப் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தச் சான்றிதழ் பொதுவாக ரிசப்ஷனில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும். அதில் உள்ள தேதியையும் ஒரு பார்வை பாருங்கள்.

குழந்தையை அட்மிட் செய்யும் அளவுக்கு ஒரு ஆஸ்பத்திரியை மனதில் வைத்திருந்தால் இன்னும் சில கேள்விகள் உண்டு. ராத்திரி டியூட்டியில் இருப்பது டாக்டரா, நர்ஸ் மட்டுமா? குழந்தை டாக்டர் உள்ளூரில் தங்கியிருக்கிறாரா, இல்லை மதுரையில் இருந்து வாரம் ஒருநாள் வந்து போகிறவரா? வந்து போகிறவர் என்றால் அவர் இல்லாத நாளில் யார் பார்ப்பார்கள்? ஆக்சிஜன் வசதி, குழந்தைகளுக்கான சின்ன முகக்கவசம், நெபுலைசர் இருக்கிறதா? நிலைமை மோசமானால் எங்கே அனுப்புவார்கள்? இதற்கெல்லாம் ரிசப்ஷனில் தடுமாறாமல் பதில் வந்தால் நம்பலாம்.

முதலமைச்சர் காப்பீட்டு கார்டு: எங்கே செல்லும், எங்கே செல்லாது?

2012 ஜனவரியில் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், 2018 முதல் மத்திய அரசின் பிரதமர் ஜன் ஆரோக்கிய யோஜனாவோடு இணைந்து நடக்கிறது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்கள் சேரலாம்.

முதலில் உடைக்க வேண்டிய நம்பிக்கை: இந்த கார்டு ஓ.பி.க்குச் செல்லாது. காய்ச்சலுக்கு டாக்டரைப் பார்க்கும் ஃபீஸ், சிரப், தனியார் கிளினிக்கில் போடும் தடுப்பூசி இதெல்லாம் கைக்காசுதான். திட்டத்தின் பட்டியலில் உள்ள சிகிச்சைக்காக, பட்டியலில் உள்ள மருத்துவமனையில், உள்நோயாளியாகச் சேரும்போதுதான் கார்டுக்கு வேலை. 'நாலு வருஷமா கார்டு வச்சிருக்கோம், ஒரு தடவைகூட எடுக்கல' என்று வருத்தப்படுபவர்கள் பலர் கேட்டது ஓ.பி.யில்தான்.

அடுத்தது இதைவிட முக்கியம். ஒரு தனியார் மருத்துவமனை திட்டத்தில் இருக்கிறது என்றால் எல்லாப் பிரிவுக்கும் இருக்கிறது என்று அர்த்தமில்லை. அங்கீகாரம் பிரிவு வாரியாகத்தான் தரப்படுகிறது. எலும்பு முறிவுக்கும் சிறுநீரகக் கல்லுக்கும் திட்டத்தில் உள்ள ஆஸ்பத்திரி, குழந்தைகள் பிரிவுக்கு இல்லாமல் இருக்கலாம். வாசலில் 'முதலமைச்சர் காப்பீடு ஏற்கப்படும்' என்ற போர்டைப் பார்த்துவிட்டு பச்சிளங்குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய், பிறகு அட்வான்ஸ் கட்டச் சொல்லும்போதுதான் இது தெரியவரும். நடுராத்திரியில் நகையை எங்கே கொண்டுபோய் வைப்பது?

அதனால் கேட்கும் கேள்வியை மாற்ற வேண்டும். 'கார்டு எடுப்பீங்களா?' என்று கேட்டால் 'எடுப்போம்' என்றுதான் பதில் வரும். 'குழந்தைகள் பிரிவுக்கு, அட்மிஷனுக்கு, முதலமைச்சர் திட்டத்துல அங்கீகாரம் இருக்கா?' என்று கேளுங்கள். திட்டத்தின் இணையதளத்தில் மாவட்ட வாரியாக மருத்துவமனைப் பட்டியல் இருக்கிறது. 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்டாலும் சொல்வார்கள். இந்தப் பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும். போன வருடம் மச்சினன் பிள்ளைக்குப் பார்த்தார்கள் என்பது இந்த வருடத்துக்கு உத்தரவாதம் இல்லை.

சேரும்போதே கார்டு இருப்பதைச் சொல்லிவிட வேண்டும். திட்டத்தில் உள்ள மருத்துவமனையில் காப்பீட்டுக்கென்று ஒருவர் இருப்பார். அவர் ஆவணங்களை அனுப்பி முன் அனுமதி வாங்குவார். இது முழுக்க ரொக்கமில்லாத திட்டம். முதலில் பணம் கட்டிவிட்டு, வீட்டுக்கு வந்த பிறகு பில்லைக் கொடுத்துத் திரும்ப வாங்கலாம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். அனுமதி கிடைத்த சிகிச்சைக்கே தனியாகப் பணம் கேட்டால் அதே எண்ணில் புகார் சொல்லலாம்.

குழந்தையின் பெயர் குடும்ப அட்டையில் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். பிறப்புச் சான்றிதழில் பெயர் சேர்ப்பது, ஆதார், பிறகு ரேஷன் கார்டு என்று ஒவ்வொன்றாக 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போட்டு, குழந்தைக்கு மூன்று வயது ஆகும்வரை பெயர் சேர்க்காத வீடுகள் நிறைய. கார்டே இல்லாதவர்கள் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் எடுத்துக்கொண்டு தேனி ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போக வேண்டும்.

பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை, பிளவு உதடு, காது கேளாமை போன்றவை இருந்தால் தனியார் ஆஸ்பத்திரிகளாக ஏறி இறங்குவதற்கு முன், அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் அரசு மருத்துவக் குழுவிடம் காட்டுங்கள். தேசிய சிறார் நலத் திட்டம் என்று 2013-ல் தொடங்கியது. பிறந்தது முதல் 18 வயது வரை பரிசோதித்து, இலவச சிகிச்சைக்கு அவர்களே வழிகாட்டுவார்கள்.

தனியார் பாலிசி, இ.எஸ்.ஐ. வைத்திருப்பவர்கள்?

ஆண்டிபட்டி, தேனி பக்கம் மில் வேலையில் இருப்பவர்களுக்கு சம்பளம் மாதம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால், குழந்தைக்கும் சிகிச்சை உண்டு. இதில் மட்டும் ஓ.பி.யும் மருந்தும் சேர்த்தி. சம்பளத்தில் மாதாமாதம் பிடித்தும் டிஸ்பென்சரி பக்கமே போகாதவர்கள் யோசிக்கலாம்.

தனியார் பாலிசி என்றால் இரண்டு விஷயம். பல பாலிசிகளில் பிறந்து 90 நாள் முடிந்த பிறகே குழந்தையைச் சேர்க்க முடியும், சிலவற்றில் முதல் நாளில் இருந்தே உண்டு. கர்ப்பமாக இருக்கும்போதே இதை ஏஜென்ட்டிடம் கேட்டுவிட வேண்டும். ஏனென்றால் செலவு அதிகம் வைக்கும் பச்சிளங்குழந்தை ஐ.சி.யூ. வருவது அந்த 90 நாளுக்குள்தான். இரண்டாவது, பாலிசிப் புத்தகத்தில் 'மருத்துவமனை' என்ற சொல்லுக்கே ஒரு விளக்கம் இருக்கும். முறையான பதிவு, இல்லையென்றால் சிறிய ஊர்களில் குறைந்தது 10 படுக்கை, 24 மணி நேரமும் நர்ஸ், டாக்டர் என்று நிபந்தனைகள். ஆறு படுக்கை போட்டு நடத்தும் கிளினிக்கில் இரண்டு நாள் டிரிப்ஸ் ஏற்றிவிட்டு கிளெய்ம் போட்டால் நிராகரிப்பு வருவது இதனால்தான். மேலே சொன்ன அந்தச் சுவரில் மாட்டிய சான்றிதழ் இங்கேயும் உதவும்.

நெட்வொர்க்கில் இல்லாத மருத்துவமனையிலும் ரொக்கமில்லா சிகிச்சை கேட்க 2024 ஜனவரியில் இருந்து வழி இருக்கிறது. திட்டமிட்ட சிகிச்சைக்கு 48 மணி நேரம் முன்பும், அவசரமாகச் சேர்ந்தால் 48 மணி நேரத்துக்குள்ளும் நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஆனால் மருத்துவமனையும் சம்மதிக்க வேண்டும், அங்கேதான் இழுபறி.

தகுதி எல்லாம் சரி, அப்புறம்?

டிகிரியும் பதிவு எண்ணும் சரியாக இருப்பது ஆரம்பம் மட்டும்தான். 2025-ல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான 'கோல்ட்ரிஃப்' இருமல் சிரப்பைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். அந்தச் சிரப்பில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்திருந்தது. அதை எழுதிக் கொடுத்தவர்களில் படித்த, பதிவு பெற்ற குழந்தை டாக்டரும் இருந்தார். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு மத்திய சுகாதாரத்துறை, இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்து தரவே கூடாது, ஐந்து வயது வரை பொதுவாகத் தவிர்க்க வேண்டும் என்று அறிவுறுத்தியது.

ஆகவே முதல் இரண்டு மூன்று விசிட்டில் டாக்டர் எப்படிப் பார்க்கிறார் என்று கவனியுங்கள். குழந்தையின் எடையைப் பார்த்து மருந்தின் அளவை எழுதுகிறாரா? தடுப்பூசி அட்டையைக் கேட்கிறாரா? எந்த அறிகுறி வந்தால் உடனே திரும்ப வர வேண்டும் என்று சொல்கிறாரா? ஒவ்வொரு காய்ச்சலுக்கும் ஊசி போட்டால்தான் திருப்தி என்று நினைக்கும் பெற்றோர்களும் இங்கே உண்டு. 'ஊசி வேண்டாம், மூணு நாள் பார்ப்போம்' என்று சொல்லி அனுப்புகிற டாக்டரைக் கைராசி இல்லாதவர் என்று ஊர் பேசும். உண்மையில் அவர் சரியாகத்தான் செய்திருப்பார்.

மருந்துச்சீட்டை போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மருந்துக்கடையில் பில் கேட்டு வாங்குங்கள். பேட்ச் எண் தெரியும் பாட்டிலை மருந்து தீரும்வரை தூக்கிப் போட வேண்டாம். வேறு ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால் சிகிச்சைப் பதிவுகளைக் கேட்கலாம், 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது விதி.

சந்தேகம் வந்தால் எங்கே சொல்வது?

படிக்காமலேயே மருத்துவம் பார்க்கிறார் என்று தோன்றினால் மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்திலும் காவல் நிலையத்திலும் சொல்லலாம். தேசிய மருத்துவ ஆணையச் சட்டப்படி பதிவு இல்லாமல் மருத்துவம் பார்த்தால் ஓராண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பதிவு பெற்ற டாக்டரின் நடத்தை பற்றிய புகார் என்றால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு எழுத வேண்டும். எந்த வழியில் போவது என்றே தெரியவில்லை என்றால் 104-ஐ அழைத்துக் கேட்கலாம். ராத்திரி நேரத்தில் குழந்தையின் அறிகுறியைச் சொல்லி ஆலோசனை கேட்கவும் இதே எண்தான். ஒரு காகிதத்தில் 108, 104, 1800 425 3993, குழந்தை டாக்டரின் கிளினிக் எண், பக்கத்து அரசு மருத்துவமனை எண் என்று எழுதி பீரோ கதவின் உள்பக்கம், அந்த கார்டு இருக்கும் இடத்திலேயே ஒட்டி வைத்துக்கொள்ளலாம்.